சமோசா டோக்கனோடு கோர்ட்டுக்குப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் நடந்தது இது. இப்போது யாரிடமாவது நான் இதைச் சொல்ல ஆரம்பித்தாலே என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நாங்கள் இருவருமே சிரிக்கிற நிலைமையில் இல்லை.

என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். நான் கல்யாணமாகி வந்தது காட்டுப்பாக்கத்துக்கு. மாமனார் காலம் வரை நெல் விளைவித்த குடும்பம். அப்புறம் வயல் மனையாகி, மனை அடுக்குமாடியாகி, கடைசியில் குடும்பத்துக்கு மிஞ்சியது ஒரு மாடி வீடு. கீழே என் கணவரின் அண்ணன் குடும்பம், மேலே நாங்கள். என் கணவர் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு சரி. மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பிறந்த வீட்டார் வந்து பெண்ணைச் சில நாள் அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா வந்து எங்களை அரக்கோணத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு வாரத்துக்கான துணி, மகளின் பள்ளிக்கூடப் பை, அவ்வளவுதான் எடுத்துப் போனோம். துவைத்த துணிகள்கூட மாடி அறைக்குள் கொடியில்தான் கிடந்தன. திரும்பி வந்தால் மாடிப்படிக் கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்குகிறது. சாவியைக் கேட்டதற்கு என் கணவரின் அண்ணன் வாசலிலேயே நின்று பதில் சொன்னார்.

“அவனே போய்ச் சேந்துட்டான். உனக்கு இன்னா கீது இங்க? உங்கம்மா ஊட்லயே இருந்துக்க.”

அம்மா வீடு இப்போது என் தம்பியின் வீடு. அங்கே எத்தனை நாள் தங்க முடியும் என்று பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருநின்றவூரில் ஏரிக்கரைப் பக்கம் வாடகை குறைச்சல் என்று கேள்விப்பட்டு ஒற்றை அறை ஒன்றைப் பிடித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. தைத்து வருகிற சட்டைகளில் நூல் பிசிறு இருக்கிறதா, பட்டன் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மகள் தினமும் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் மாறி மாறிப் போய் வந்தாள். பத்தாவது பரீட்சையை எழுதி, பாஸாகி, பதினொன்றாவதும் சேர்ந்துவிட்டாள். பூட்டு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். புகார் கொடுக்கவும் போனேன். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். நான் கதையைப் பாதி சொல்வதற்குள் அவர்கள் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். “குடும்ப விஷயம்மா, அனுசரிச்சுப் போங்க.” பூட்டிய கதவோடு எப்படி அனுசரித்துப் போவது என்று கேட்டால், எனக்கு வாய் நீளம் என்றார்கள். இருக்கலாம். கதவைப் பூட்டியவர் என் வாயையும் சேர்த்துப் பூட்டிவிடவில்லையே!

அந்தச் சமயத்தில்தான் என்னோடு செக்கிங் மேஜையில் வேலை செய்கிற பெண் ஒரு சேதி கொண்டுவந்தாள். ஆவடிக்காரி, நல்ல மனசுக்காரி.

“எக்கா, எங்க ஊட்டாண்ட ஆட்டோல மைக் கட்டிக்கினு போறான். சனிக்கெழம அந்தக் காலேஜ்ல சட்ட முகாமாம். கோர்ட்டு கூட நடக்குதாம். துட்டே கெடையாதாம். உன் கேச எடுத்துகினு போயேன்.”

மக்கள் நீதிமன்றம் என்று ஒன்று உண்டு, ஒரே நாளில் உட்காரவைத்துப் பேசித் தீர்த்துவிடுவார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். சரி, அதுதான் நம்ம ஊர்ப் பக்கமே வருகிறது போலிருக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கல்லூரி வாசலில் பெரிய பேனர். பலூன் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு பக்கம் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், இன்னொரு பக்கம் ரத்த தானம். மரத்தடியில் மேஜைகள் போட்டு, நுகர்வோர் உரிமை, தொழிலாளர் உரிமை என்று அட்டைகள் வைத்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என் கையில் மஞ்சள் டோக்கன் ஒன்றைத் திணித்தாள். அதில் ஒரு எண் இருந்தது. “பத்திரமா வச்சுக்கோங்கம்மா, இது இல்லன்னா குடுக்க மாட்டாங்க. மேல கோர்ட் ஆரம்பிச்சுட்டாங்க, சீக்கிரம் போங்க” என்றாள்.

அது கேஸ் நம்பர் என்று நான் நினைத்தேன். இது இல்லாவிட்டால் தீர்ப்புக் கொடுக்க மாட்டார்கள் போல என்று புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு மாடி ஏறினேன். சமோசாவுக்கும் டீக்குமான டோக்கன் என்று அந்தப் பிள்ளையும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மேலே பெரிய அரங்கம். மேடையில் உயரமான மேஜை, பின்னால் நாற்காலி, அதில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண். ரொம்பச் சின்னப் பெண்ணாக இருக்கிறாளே என்று ஒரு நிமிஷம் இடித்தது. கலெக்டர்கள்கூட இப்போது சின்ன வயதிலேயே வந்துவிடுகிறார்கள், ஜட்ஜ் வரக் கூடாதா என்று சமாதானம் செய்துகொண்டேன். இரண்டு பக்கமும் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள். தலைப்பாகையும் குறுக்கே சிவப்புப் பட்டையும் போட்ட டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். கூண்டுகூட இருந்தது. ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்து, பேசுகிறவர்கள் சொல்வதையெல்லாம் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.

சாயம் போன பட்டுப்புடவைக்காக ஒரு கடைக்காரர் மேல் போட்ட வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. புடவையைத் தூக்கிக் காட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்படி வாதாடினார்கள். ஒரு புடவைக்கே இவ்வளவு கரிசனமாக விசாரிக்கிறார்கள், என் வீட்டை விட்டுவிடுவார்களா என்று எனக்குத் தைரியம் வந்தது. புடவைக்காரிக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. எல்லோரும் கைதட்டினார்கள். கோர்ட்டில் கைதட்டுவார்களா என்றுகூட நான் யோசிக்கவில்லை. நானும் தட்டினேன்.

“வேறு வழக்கு ஏதாவது இருக்கிறதா?” என்று அந்தப் பெண் நீதிபதி கேட்டாள்.

நான் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் டோக்கனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். “இருக்குதும்மா. என் கேஸ் இருக்குது.”

அரங்கில் ஒரு சலசலப்பு. வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். நீதிபதிப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் பாராலீகல் படிப்பு மாணவர்கள். வக்கீல் ஆகிற படிப்பு இல்லை அது. வக்கீலுக்கும், நம்மைப் போல எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் நடுவில் நின்று உதவி செய்கிற படிப்பு. வருடா வருடம் முகாமில் இப்படி மாதிரிக் கோர்ட் போடுவார்கள். அவர்களுடைய மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒத்திகையில் இல்லாத ஓர் ஆளைச் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே அனுப்பிவிடுவார். அந்தத் திடீர் சாட்சியை யார் சரியாக விசாரிக்கிறார்களோ அவர்களுக்குத் தனி மார்க். முந்தைய வருடம் கேன்டீன் மாஸ்டர் வந்து, திருட்டுப் போன பைக் ஒன்றுக்காக அழுது அரங்கத்தையே கலக்கினாராம். இந்த வருடத்து ஆள் நான்தான் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். மேடமோ கீழே விருந்தினர்களோடு நின்றுகொண்டிருந்தார்.

என்னைக் கூண்டில் ஏற்றி, உண்மையைத் தவிர வேறொன்றும் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பெயர், விலாசம், என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக நீதிபதிப் பெண் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல லேப்டாப் பெண் தட்டிக்கொண்டே வந்தாள். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தான். ஒல்லியாக, உயரமாக, குரல் மட்டும் கணீரென்று இருந்த ஒரு பையன். எனக்கு எதிர்த்தரப்பு என்று அங்கே யாரும் வரவில்லையே, இவன் யாருக்காகப் பேசுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கேள்விகள் ஊசி மாதிரி வந்தன.

“நீங்களாத்தானே வீட்டை விட்டுப் போனீங்க?”

“அம்மா வீட்டுக்குப் போனா வீட்டை விட்டுப் போனதா அர்த்தமா? உங்க வீட்ல யாரும் அம்மா வீட்டுக்குப் போறதே இல்லையா?”

சிரித்தார்கள். அவன் விடவில்லை. “வீடு உங்க கணவர் பேர்ல இருக்கா?” இல்லை, மாமனார் பேரில் இருக்கிறது என்றேன். “அப்போ அது உங்க வீடுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றான். “ஒரு வருஷம் ஆகப் போகுது. அவ்வளவு அவசரம்னா இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்க?” என்றான்.

அந்தக் கடைசிக் கேள்வியில் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். “சும்மா இருந்தேனா?” என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் எங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளில் அந்த மாடியில் நான் போட்ட கோலத்திலிருந்து, காபி டம்ளரிலிருந்து, பரீட்சைக்கு முதல் நாள் ஒற்றை அறையில் கரண்ட் போய், மகள் ரயில்வே பிளாட்பாரத்து விளக்கில் உட்கார்ந்து படித்ததிலிருந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குறுக்கே யாரும் பேசவில்லை. யாரும் அனுசரித்துப் போகச் சொல்லவில்லை. லேப்டாப் பெண் மட்டும், “கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா, விட்டுப்போயிடும்” என்றாள். என் பேச்சில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது என்று ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

எதிர்த்தரப்புப் பையன், மேலே கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். நீதிபதிப் பெண் தீர்ப்புச் சொன்னாள். வீடு யார் பேரில் இருக்கிறது என்பது இங்கே கேள்வியே இல்லை, குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியே தள்ள யாருக்கும் உரிமை கிடையாது, பூட்டை உடனே திறந்துவிட வேண்டும். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன்.

கீழே இறங்கினால் ஒரு மேஜையில் டோக்கன் கேட்டார்கள். நீட்டினேன். ஒரு சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். கேஸ் முடிந்தவர்களுக்குச் சமோசா கொடுத்து அனுப்புகிறார்களே, அரசாங்கம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று நினைத்தபடி சாப்பிட்டேன். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது இந்த இடத்தில்தான்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ். போன் செய்து, “தீர்ப்பு ஆயிடுச்சு பாப்பா, பூட்டைத் திறக்கச் சொல்லிட்டாங்க” என்றேன். “இன்னைக்கே நம்ம வீட்டுக்குப் போறமா?” என்று கேட்டாள். இன்னைக்கே என்றேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் ஏறி, முதலில் ஜன்னலையெல்லாம் திறக்க வேண்டும், அப்பா போட்டோவைத் துடைக்க வேண்டும், ராத்திரி அங்கேயே படுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். அப்பா போன பிறகு அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வீட்டு வாசலில் என் கணவரின் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

“இன்னாமே, ஆத்தாளும் பொண்ணுமா இந்தப் பக்கம்?”

“பூட்டைத் திறங்க மாமா. கோர்ட்ல தீர்ப்பு ஆயிடுச்சு.”

அவர் முகம் ஒரு கணம் மாறியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அடுத்த கணம் கையை நீட்டினார். “எந்தக் கோர்ட்டு? ஆர்டர் கீதா? காட்டு பாக்கலாம்.”

என்னிடம் ஒன்றும் இல்லை. டோக்கனைக்கூடச் சமோசாவுக்குக் கொடுத்துவிட்டேன். “தபால்ல வரும்” என்றேன். என் குரலே எனக்கு ஒரு மாதிரி கேட்டது. அவர் மனைவி உள்ளிருந்து வந்து நின்றாள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் எட்டிப்பார்த்தார்கள். “நம்ம கிட்ட கேக்காமயே தீர்ப்பாமா? யாரு, உங்க கம்பெனி சூப்பர்வைசர் குடுத்தாரா?” என்று அவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். மகள் என் கையை விட்டுவிட்டாள். அன்று பட்டதிலெல்லாம் அதுதான் எனக்குப் பெரிய அடி.

அப்போது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. அந்த நீதிபதிப் பெண்ணும் எதிர்த்தரப்பு வக்கீல் பையனும். அவன் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கறுப்பு அங்கியைச் சுருட்டி ஒரு பையில் திணித்திருந்தாள். இருவருக்கும் வேர்த்து வழிந்தது. நான் போன பிறகு, “இந்த வருஷ சாட்சி பிரமாதம் மேடம்” என்று போய்ச் சொல்லியிருக்கிறார்கள். “நான் யாரையும் அனுப்பலையே” என்று அவர் சொன்னதும்தான் விஷயம் விளங்கி, நான் நேராகப் பூட்டைத் திறக்கத்தான் போயிருப்பேன் என்று, லேப்டாப்பில் இருந்த காட்டுப்பாக்கம் விலாசத்தைப் பார்த்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரே நிம்மதி. “இதோ, ஜட்ஜம்மாவே வந்துட்டாங்க!” என்று கத்தப் போனேன். அதற்குள் அவள் ஓடி வந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“யாரும்மா நீங்க?” என்றார் என் கணவரின் அண்ணன்.

“காலேஜ் சட்ட உதவி மையத்துல இருந்து வர்றோம் சார். இந்த அக்கா எங்ககிட்ட புகார் குடுத்திருக்காங்க.”

“தீர்ப்பே ஆயிடுச்சுன்றா இவ.”

அவள் என்னைப் பார்த்தாள். என் மகளைப் பார்த்தாள். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “தீர்ப்பு இன்னும் வரல சார். இனிமேதான் வரும். திங்கட்கிழமை பூந்தமல்லி கோர்ட்ல இருக்கற இலவச சட்ட உதவி மையத்துக்கு இவங்களோட நாங்களும் போறோம். உங்களுக்கு நோட்டீஸ் வரும். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கற இவங்க பொருளுக்கு எதுவும் ஆகிடாம பாத்துக்கோங்க, அவ்வளவுதான்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த ஒல்லிப் பையன் ஒரு அடி முன்னால் வந்து, ரொம்ப மரியாதையாக, “சார் பேரைக் கொஞ்சம் சரியா சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்றான். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எட்டிப்பார்த்த தலைகளும் மறைந்தன. அந்த வாசலுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். என்னோடு இரண்டு பேர் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

மெயின் ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்காரவைத்துத்தான் உண்மையைச் சொன்னார்கள். அது கோர்ட் இல்லை. அவள் ஜட்ஜ் இல்லை. அந்தப் புடவைக்குச் சாயமே போகவில்லையாம், அது அவளுடைய சித்தியின் புடவையாம். சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

எனக்கு வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். “என் வயித்தெரிச்சல் உங்களுக்கு நாடகமா? மார்க்கா?” என்று கத்திவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் வரும்போதே மனசுக்குள் வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்த பிள்ளை. அவளிடம் போய் நான் என்ன சொல்வேன்?

அந்தப் பையன் தலை நிமிரவே இல்லை. “நான் கேட்டதெல்லாம்... தெரியாம கேட்டுட்டேன்க்கா. நீங்க அழுதப்பவே எனக்கு ஏதோ தப்பா பட்டுச்சு. நல்லா நடிக்கறாங்கன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுடுங்க” என்றான். கணீர்க் குரல் எங்கே போயிற்றோ. அந்தப் பெண்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தீர்ப்பு பொய்தான்க்கா. ஆனா நான் சொன்ன சட்டம் பொய் இல்ல. நெஜக் கோர்ட்லயும் அதேதான். பொம்பளைங்களுக்கு வக்கீலும் இலவசமா தருவாங்க. நீங்க சொன்னது ஒரு வார்த்தை விடாம எங்ககிட்ட இருக்கு. திங்கட்கிழமை வருவீங்களா?” என்றாள்.

மகள்தான் தலையைத் தூக்கி, “நீங்க வருவீங்களா?” என்று அவளைத் திருப்பிக் கேட்டாள்.

வந்தார்கள். மேடமும் வந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இலவச சட்ட உதவியில் எனக்கு ஒரு வக்கீல் அம்மாவைக் கொடுத்தார்கள். மாணவர்கள் தட்டி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, “பாதி வேலையை முடிச்சே எடுத்துட்டு வந்திருக்கீங்களே” என்றார் அவர். அப்புறம் நிஜக் கோர்ட்டு. அங்கே கைதட்டல் கிடையாது, சமோசா கிடையாது. காத்திருப்புதான் நிறைய. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவராவது என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் வகுப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. இதற்கு மார்க் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பின் நிஜ வக்கீல் என்னைக் கேட்டார். நீங்களாகத்தானே போனீர்கள்? வீடு கணவர் பேரில் இருக்கிறதா? இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவரைவிடக் கணீரென்ற குரலில் இதையெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டாயிற்று. திரும்பிப் பார்த்தேன். பின் பெஞ்சில் அந்த ஒல்லிப் பையன் முகம் சிவக்க உட்கார்ந்திருந்தான். இந்த முறை நான் அழவில்லை. நிதானமாக, யாருக்கும் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாதபடி மெதுவாகச் சொன்னேன்.

பொங்கலுக்கு முன்னால் உத்தரவு வந்தது. நிஜ முத்திரை போட்ட உத்தரவு. அதிகாரிகள் முன்னிலையில் பூட்டைத் திறந்தார்கள். மாடி அறைக்குள் தூசி, அடைத்துக்கிடந்த வாடை. நாங்கள் போட்டுவிட்டுப் போன துணிகள் கொடியில் அப்படியே தொங்கின. மகள் தன் பத்தாவது யூனிஃபார்மை எடுத்து உதறி மேலே வைத்துப் பார்த்தாள். பாவாடை முழங்காலோடு நின்றுவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். வாசலிலேயே நின்றுகொண்டிருந்த அந்த நீதிபதிப் பெண்ணும் அழுதாள். நான் போய் ஜன்னலைத் திறந்தேன்.

இப்போது நாங்கள் அந்த மாடியில்தான் இருக்கிறோம். கீழ் வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை, சண்டையும் இல்லை. மகள் கல்லூரி போகிறாள். அந்தப் பெண் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள், பையன் சட்டமே படிக்கப் போய்விட்டான். அந்தக் கல்லூரியில் மாதிரிக் கோர்ட் வருடா வருடம் இன்னும் நடக்கிறது. திடீர் சாட்சியும் வருகிறார். ஆனால் இது நாடகம் என்று முதலிலேயே மைக்கில் சொல்லிவிடுகிறார்கள். அரங்கத்துக்கு வெளியே, நிஜமான வழக்கு உள்ளவர்களுக்காக ஒரு மேஜையும் போடுகிறார்கள்.

சனிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு அந்த மேஜையில் போய் உட்காருகிற ஆள் நான்தான். போன வருடம் ஒரு அம்மா மஞ்சள் டோக்கனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்து, “என் நம்பர் எப்பங்க கூப்புடுவாங்க?” என்றார். அது சமோசாவுக்குங்க என்று எனக்குச் சொல்ல வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, “இப்பத்தான் கூப்பிட்டாங்க, உட்காருங்க, முழுசா சொல்லுங்க” என்றேன்.